வன்னி வீதிக்கு எந்தப் பழைய சொகுசுக் கார் தாங்கும்? பீஎம்டபிள்யூ, பென்ஸ், அவுடி, லெக்சஸ்: ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் முல்லைத்தீவில் வேலை பார்க்கும் இளம் வைத்தியர். வெள்ளி பின்னேரம் யாழ்ப்பாணம் போய்த் திங்கள் விடியமுன் திரும்புகிறவர். இரண்டாமவர் சுவிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு வட்டக்கச்சியில் வீடு கட்டிக் குடிவந்த அண்ணை. மூன்றாமவர் செட்டிகுளத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவரின் மகன். மூவரிடமும் நல்லதொரு டொயோட்டா பிரிமியோ வாங்கப் போதுமான காசு இருக்கிறது. மூவருக்கும் பிரிமியோவில் மனமில்லை. "அதே காசுக்குப் பக்கத்தில ஒரு பீஎம்டபிள்யூவோ பென்ஸோ வருகுது அண்ணை, எதை எடுக்கலாம்?" என்பதுதான் கேள்வி.

அந்த ஆசையில் எனக்குக் குறை தெரியவில்லை. கொழும்பில் ஐரோப்பியக் கார்களை மட்டும் பார்க்கும் கராஜ் ஒன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தவன் நான். இப்போது வவுனியாவில் சொந்தமாகச் சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். மாங்குளம் தாண்டி நேராகக் கிடக்கும் ஏ-9இல் ஒரு நல்ல 3 சீரிஸ் வீதியை எப்படிக் கவ்விக்கொண்டு ஓடும் என்று தெரிந்தவனுக்கு, அதை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் அதே கார் அக்கராயன் கிறவல் வீதியில் இரண்டு மாரி கழித்து என்ன கதியில் வருகிறது என்பதையும் கையால் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விடயத்தை முதலில் மனதில் வையுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் வரி சாதாரண ஆளுக்கு எட்டாத உயரத்தில். ஆகவே நம் கைக்கு எட்டும் விலையில் நிற்கும் சொகுசுக் கார்களில் அநேகமானவை 2012க்கும் 2019க்கும் இடையில் செய்தவை. எஞ்சினுக்கு அது பெரிய வயதில்லை. ஆனால் ரப்பர் புஷ், பிளாஸ்டிக் கூலன்ட் குழாய், ஒயில் கஸ்கற் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடும் வயது அதுதான். நீங்கள் வாங்கப்போவது அந்த வயதையும் சேர்த்துத்தான்.

## எதை வைத்து நிறுப்பது

கொழும்பில் இருக்கிறவர் பார்க்கும் கணக்கு வேறு. குதிரைவலு, உள் அலங்காரம், விற்கும்போது வரும் விலை. நாங்கள் வேறு ஐந்தைப் பார்க்க வேண்டும்.

கை எட்டும் தூரம். என் கணக்கில் இதுதான் முதலாவது, மற்ற நான்கையும் சேர்த்தாலும் இதற்குப் பாரம் கூட. இந்தக் கார்களில் ஒரு விளக்கு எரிந்தால் ஸ்பானரைத் தூக்குவதற்கு முன் கணினியை வாசிக்க வேண்டும். பீஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, பென்ஸுக்கு ஸென்ட்ரி, அவுடிக்கு விசிடிஎஸ், லெக்சஸுக்கு ரெக்ஸ்ட்ரீம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள். சந்தையில் விற்கும் மலிவு ஸ்கேனர் பிழை எண்ணைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. பற்றரி மாற்றினால்கூடப் பீஎம்டபிள்யூவில் புதிய பற்றரியைக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பற்றரிக்குரிய கணக்கிலேயே சார்ஜ் ஏற்றிப் புதியதையும் சீக்கிரம் கொன்றுவிடும். உங்கள் வீட்டிலிருந்து இந்த மென்பொருளோடு இருக்கிற, நீங்கள் நம்பும் ஆள் எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறார்? அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவிட்டு மேலே வாசியுங்கள்.

உடைந்து நின்றால் கயிறு கட்டி இழுத்து வரவும் முடியாது. ஓட்டோ கியர் காரை, அதுவும் பின்சில்லு ஓடும் காரை, சில்லு நிலத்தில் உருள இழுத்தால் கியர்பொக்ஸ் போகும். கரியர் லொறியில்தான் ஏற்ற வேண்டும். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அந்த ஒரு பயணத்தின் கூலியை வாங்க முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீதி. ஏ-9, மாங்குளம்–முல்லைத்தீவு, பரந்தன்–முல்லைத்தீவு என்று பிரதான வீதிகள் காப்பெற். பிரச்சினை கடைசி இரண்டு கிலோமீற்றரில். ஒழுங்கையும், குளக்கட்டும், மாரிக்குப் பிறகு நடுவில் மேடு விட்டு இரண்டு பக்கமும் பள்ளமான உழவு இயந்திரத் தடமும். இந்தக் கார்களின் அடிப்பகுதி நிலத்திலிருந்து ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர்தான், சிலவற்றில் அதற்கும் குறைவு. எம் ஸ்போர்ட், ஏஎம்ஜி லைன் என்று ஒட்டியிருப்பவற்றில் சஸ்பென்ஷன் இன்னும் தாழ்ந்திருக்கக்கூடும்.

ரயரையும் இங்கேதான் பார்க்க வேண்டும். 18 அங்குல றிம்மில் 225/45 ரயர் போட்ட கார் படத்தில் வடிவு. பள்ளத்தில் விழுந்தால் ரயர் வெடிக்கும், றிம் நெளியும். 16 அங்குலத்தில் 205/60, 17இல் 225/50 போட்ட அதே கார் எங்கள் பக்கத்துக்கு இரண்டு மடங்கு பொருந்தும். விற்பவர் "சின்ன றிம், அதனால விலை குறைவு" என்றால் சந்தோஷமாக எடுங்கள்.

எரிபொருள். இங்கே பெற்றோல் 92, 95 என்று இரண்டு. டேர்போ பூட்டிய ஜேர்மன் எஞ்சினுக்கு எது வேண்டும் என்று பெற்றோல் மூடிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும், அதை வாசியுங்கள். அநேகமாக 95 என்றே இருக்கும். 95 எல்லாப் பெற்றோல் செட்டிலும் எந்நாளும் இராது. தொடர்ந்து 92 அடித்தால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றத் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும். இழுவை குறையும், குடிப்பது கூடும், காலப்போக்கில் தட்டும் சத்தமும் வரும். டீசல் காருக்கு இன்னொரு கவலை: அதன் புகைவடிக்கு (புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் டீபீஎஃப் வடி) கந்தகம் குறைந்த எண்ணெய் வேண்டும். சாதாரண ஓட்டோ டீசல் அதற்குப் பகை. சூப்பர் டீசல்தான் அடிக்க வேண்டும்.

வெயில், தண்ணீர், புழுதி, எலி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தில் அடியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த வெள்ளைக் கல்தான் ரேடியேற்றருக்குள்ளும் படியும். கூலன்ட் குறைந்தால் போத்தல் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் உழவு இயந்திரத்துக்குச் சரி. இந்தக் கார்களின் சிறிய கூலன்ட் வழிகளை அது அடைத்துவிடும். காருக்குரிய கூலன்ட் ஒரு கான் எப்போதும் டிக்கியில் இருக்க வேண்டும். புழுதிக்கு எயார் ஃபில்ரரைப் புத்தகத்தில் சொன்ன காலத்தின் பாதியில் மாற்றுங்கள். எலியை யாரும் கணக்கெடுப்பதில்லை. வயல் வெட்டி முடிந்த கையோடு எலி வீட்டுப் பக்கம் வரும், சூடான பொனற்றுக்குள் குடியேறும், வயர் கடிக்கும். இரண்டு போக அறுவடைக்குப் பிறகும் என் கராஜுக்கு வயர் வேலை கூடுவது வழக்கம். பழைய கொரோலாவில் அது அரை நாள் வேலை. கட்டுக் கட்டாய்ச் சென்சர் வயர் ஓடும் காரில் எங்கே கடித்தது என்று தேடவே இரண்டு நாள் போகும்.

பத்திரமும் மறுவிற்பனையும். வன்னிக்குள் இந்தக் கார்களை வாங்க ஆள் குறைவு. விற்பது என்றால் யாழ்ப்பாணமோ கொழும்போதான். பத்திர விடயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| கார் | யாருக்கு | பெரிய பயம் | எங்கள் பக்கத்தில் கை வைக்கக்கூடியவர் |
|---|---|---|---|
| பீஎம்டபிள்யூ 3 சீரிஸ் (எஃப்30) | நெடும்பயணம், ஓட்ட ஆசை | செயின், கூலன்ட் கசிவு, புகைவடி | சிலர் |
| பென்ஸ் சீ கிளாஸ் (டபிள்யூ205) | குடும்பம், காப்பெற் வீதி | மின்னணு, எயார் சஸ்பென்ஷன் | சிலர் |
| அவுடி ஏ3 செடான், ஏ4 | ரவுண் ஓட்டம் | இரட்டைக் கிளச் கியர் | மிகச் சிலர் |
| லெக்சஸ் ஐஎஸ் 300எச் | உள்ளூர், தூர இடம் | கிடைப்பது அரிது, விலை | ஹைபிரிட் தெரிந்த எவரும் ஓரளவுக்கு |

## பீஎம்டபிள்யூ 3 சீரிஸ்

2012 முதல் 2018 வரை வந்த எஃப்30 உடம்பைத்தான் (அந்தத் தலைமுறைக்குக் கம்பெனி வைத்த குறியீடு) சொல்கிறேன். அதற்கு முந்திய இ90இல் மனம் போனால், அது வயதால் இன்னொரு தரம் கட்டிமுடிக்க வேண்டிய கார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதற்கு இந்த நான்கில் இதுதான் முதலாவது. இதைச் சொல்லத் தயங்கவில்லை. இஸட்எஃப் (ZF) நிறுவனம் செய்த எட்டு கியர் ஓட்டோ பெட்டி இந்த நான்கிலும் உறுதியானது. "வாழ்நாள் ஒயில், மாற்றத் தேவையில்லை" என்று விற்பவர் சொல்வார். அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் ஒயில் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

எஞ்சினில்தான் கவனம். 320டீ 2015 வரை என்47 எஞ்சினோடும், அதன் பிறகு பி47 எஞ்சினோடும் வந்தது. என்47இன் டைமிங் செயின் (எஞ்சினின் மேல், கீழ்ப் பகுதிகளை ஒரே தாளத்தில் சுழல வைக்கும் சங்கிலி) எஞ்சினின் பின்பக்கம், கியர்பொக்ஸ் பக்கமாக இருக்கிறது. செயின் மாற்ற எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்க வேண்டும். 2011க்கு முந்தியவற்றில் இந்தப் பிரச்சினை மோசம். பின்னையவற்றில் குறைவு, இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் குளிர் எஞ்சினை எழுப்பும்போது பின்னாலிருந்து உரசும் சத்தம் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 320ஐயின் என்20 பெற்றோல் எஞ்சினிலும் செயின் வழிகாட்டி பிளாஸ்டிக் உடையும் நோய் உண்டு. 2015க்குப் பிறகு வந்த 318ஐ, மூன்று சிலிண்டர் 1.5 லீற்றர், 136 குதிரைவலு. மூன்று சிலிண்டரா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். வரி காரணமாக சின்ன எஞ்சின் எங்கள் நாட்டுக்குப் பொருந்தியது, அதனால் சாமானும் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் அகப்படும். எனக்கு இது பிடித்த தெரிவு.

டீசலா பெற்றோலா? இங்கே வன்னிக்காரருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. டீசல் புகைவடி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய, எஞ்சின் சூடேறி இருபது நிமிடமாவது ஒரே சீராக ஓட வேண்டும். கொழும்பு நெரிசலில் அது நடக்காது, அதனால் அங்கே வடி அடைத்து விற்பனைக்கு வருகிறது. கிழமைக்கு இரண்டு தரம் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவருக்கு வடி தானாகச் சுத்தமாகும். ஆனால் வீட்டிலிருந்து சந்தைக்கு மூன்று கிலோமீற்றர், பிள்ளையின் ரியூசனுக்கு இரண்டு கிலோமீற்றர் என்று ஓடும் டீசல் கார் ஒரு வருடத்தில் விளக்கெரிக்கும். அதோடு 2018இல் பீஎம்டபிள்யூ டீசல் கார்களை, எஞ்சினுக்குள் திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் ஈஜீஆர் கூலர் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தது. அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து அந்த வேலை செய்யப்பட்டதா என்று முகவரிடம் கேளுங்கள்.

மறைந்த செலவு: இந்தக் கார் அநேகமாக ரன்ஃபிளாட் ரயரோடு வருகிறது, ஸ்பெயார் வீல் இல்லை. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் என்பது நல்லதுதான். ஆனால் பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டுப்போட வழியில்லை, அதே அளவு ரன்ஃபிளாட் ஒட்டுசுட்டானில் கிடைக்காது. வாங்கிய கையோடு ஒரு ஸ்பெயார் வீலும் ஜாக்கும் டிக்கியில் போடுங்கள். இடம் போனாலும் பரவாயில்லை.

யாருக்கு நல்லது: ஏ-9 ஓரமாக அல்லது பிரதான வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வீடு, மாதம் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், வவுனியாவோ யாழ்ப்பாணமோ ஒரு மணித்தியாலத் தூரத்தில்.

## பென்ஸ் சீ கிளாஸ்

சுவிஸ் அண்ணைக்கு இதில்தான் கண். "அங்க இருபது வருசம் ரக்ஸியா ஓடிக் காட்டின கார்" என்றார். அவர் கண்டது உண்மை. ஆனால் அங்கே ஓடிய ரக்ஸி ஒவ்வொரு சேர்விசையும் நாள் தவறாமல் செய்தது, காப்பெற் வீதியில் ஓடியது, ஐந்து பாகை வெயிலில் நின்றது.

டபிள்யூ205 உடம்பு 2014இல் வந்தது. சீ180இல் 1.6 லீற்றர், சீ200இல் 2 லீற்றர் டேர்போ. 2018 முகமாற்றத்துக்குப் பிறகு வந்த சீ200இல் 1.5 லீற்றரோடு 48 வோல்ற் உதவி மோட்டர். எங்கள் பக்கத்துக்கு 2014–2017 சீ180தான் என் முதல் தெரிவு. 48 வோல்ற் அமைப்பு பழுதானால் வவுனியாவில் நானே கை வைக்க யோசிப்பேன்.

ஓட்டத்தில் பீஎம்டபிள்யூ போலத் துள்ளாது. இருக்கை மெத்தென்று, பின்னால் இருக்கும் அம்மா அப்பாவுக்கு முதுகு நோகாது. கியர்பொக்ஸ் மென்மை. எஞ்சினில் கேம் மக்னெற் என்ற சிறிய சாமான் ஒயில் கசியும். கசிந்த ஒயில் வயருக்குள் ஏறி நெடுந்தூரம் போய்ச் சென்சரைக் கெடுக்கும். பிளக்கைக் கழற்றி உள்ளே ஒயில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்கு விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த உடம்பில் எயார் சஸ்பென்ஷன் விருப்பத் தெரிவாக வந்தது. மேலேறி இறங்குவதைக் காட்டி விற்பார்கள். வன்னிக்கு அது ஆகாது. காற்றுப் பை வெடித்தால் கார் வயிறு நிலத்தில் முட்ட நின்றுவிடும். வெடிப்பது என்னவோ நல்ல வீதியிலும் வெடிக்கும். ஆனால் நெடுங்கேணிக் காட்டு வீதியில் வெடித்தால் கரியர் லொறியும் அருகில் வர அஞ்சும். சுருள் வில் போட்ட காரை எடுங்கள்.

சீ350இ, பீஎம்டபிள்யூ 330இ போன்ற, வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போடும் பிளக்-இன் கார்கள் சில நேரம் கவர்ச்சியான விலையில் வரும். சீ350இயில் ஏறத்தாழ 6 கிலோவாட்-மணி பற்றரி, 330இயில் 7.6. பற்றரி பழசாகி மின்னோட்டம் பாதியாகிவிட்டால், நீங்கள் ஒரு கனமான பெற்றோல் காரைத்தான் ஓட்டுவீர்கள். இவற்றின் உயர் மின்னழுத்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் விரல் விட்டு எண்ணவும் இல்லை. மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

யாருக்கு நல்லது: வயதானவர்களை ஏற்றி இறக்கும் குடும்பம், நிதான ஓட்டம், வீட்டு வாசல் வரை கொங்கிறீற் அல்லது தார்.

## அவுடி ஏ3 செடான், ஏ4

இவற்றைச் சுருக்கமாகவே சொல்வேன். உள் அலங்காரம் இந்த நான்கில் அழகு, விலை பெரும்பாலும் குறைவு. 1.0, 1.4 டீஎஃப்எஸ்ஐ எஞ்சின்கள் செயினுக்குப் பதில் பெல்ற்றோடு வருகின்றன, குடிப்பதும் குறைவு. சிக்கல் ஏ3இன் ஏழு கியர் உலர் இரட்டைக் கிளச் பெட்டியில். 2013இல் ஃபோக்ஸ்வாகன் குழுமம் உலகம் முழுக்க 16 இலட்சம் கார்களை அந்தப் பெட்டியின் ஒயிலை மாற்றத் திரும்ப அழைத்தது; காரணம், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் ஒயிலால் மின்பாகங்கள் பழுதானது. எங்கள் நாடு அப்படியான நாடுதான். ஒயில் மாற்றிய பிறகும் அந்தப் பெட்டியின் கியரை மாற்றிவிடும் கணினிப் பகுதியான மெக்கட்ரோனிக் அலகு பலவீனம். 2016க்குப் பிறகு வந்த ஏ4இன் பெட்டி ஈரக் கிளச், அது தேவலை.

வவுனியா ரவுணுக்குள் மட்டும் ஓடுகிறவர், கொழும்பில் நம்பிக்கையான அவுடி ஆள் உள்ளவர் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு இல்லை.

## லெக்சஸ் ஐஎஸ் 300எச்

2013இல் வந்த உடம்பு. 2.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், அதோடு டொயோட்டா ஹைபிரிட். டேர்போ இல்லை. தனி ஸ்ரார்ட்டர் மோட்டர் இல்லை, ஒல்ரனேற்றர் இல்லை. வழமையான கியர்களும் கிளச்சும் இல்லாத ஈ-சீவீடீ. பழுதாகும் சாமான்களின் பட்டியலே குட்டை.

ஓட்டத்தில் பீஎம்டபிள்யூவோடு போட்டியிடாது. ஆக்சிலரேட்டரை அமுக்கினால் எஞ்சின் கத்தும், கார் கொஞ்சம் யோசித்துத்தான் பாயும். அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஆனால் இதன் ஹைபிரிட் மூளை பிரியுஸ், அக்குவா, அக்ஸியோ குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் கார்களைப் பார்க்கும் பையன்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். முதல் அளவுகோலில் இது மற்ற மூன்றையும் வென்றுவிடுகிறது.

மறைந்த செலவு இரண்டு. ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்தே போகிறது. கிறவல் புழுதி அந்த வழியை அடைத்தால் பற்றரி சூடேறிச் சாகும். வருடத்துக்கு இரண்டு தரம் காற்றாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். அடுத்தது உடம்புச் சாமான். எஞ்சினுக்குக் கிடைக்கும் சாமான் முன் விளக்குக்கும் பம்பருக்கும் கிடைக்காது, ஏனென்றால் நாட்டில் இந்தக் கார் குறைவு. இரவில் ஏ-9இல் மாடு படுத்திருப்பதும், நெல்லுக் காயப்போட்டு வீதி ஓரத்தில் கல் அடுக்கியிருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு முன் விளக்கு உடைந்தால் யப்பானிலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும்.

யாருக்கு நல்லது: துணுக்காய், மல்லாவி, முழங்காவில் போலத் தூர இடத்தில் இருப்பவர், காரில் கராஜ் வேலை பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லாதவர்.

## அப்படியானால் பிரிமியோவை ஏன் விட வேண்டும்?

இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இல்லை. 2007 முதல் 2021 வரை செய்த பிரிமியோ, அலியன் இரண்டும் எங்கள் நாட்டில் காசு போலத் திரியும் கார்கள். புதுக்குடியிருப்பில் நின்றாலும் சாமான் வரும். ஐந்து வருடம் ஓட்டி விற்றாலும் போட்ட காசில் பெரும் பங்கு திரும்பும். அதே ஐந்து வருடத்தில் ஜேர்மன் கார் உங்கள் காசில் எவ்வளவைக் கொண்டு போகும் என்பது, முந்திய உரிமையாளர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதில் இருக்கிறது. வீட்டில் ஒரே கார்தான், அதுதான் இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டும் என்றால் பிரிமியோவை எடுங்கள். இரண்டாவது வாகனம் ஒன்று வீட்டில் நிற்குமென்றால் மட்டும் மேலே சொன்னவற்றுக்கு வாருங்கள்.

## காசு கட்ட முதல்

பளபளப்பைப் பார்த்து முற்பணம் கட்டியவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். கொழும்புக் கார் சேல் ஒன்றிலிருந்து ஒருவர் கொண்டுவந்த 3 சீரிஸின் மீற்றரில் 68,000 கிலோமீற்றர். காரின் மற்றக் கணினிப் பெட்டிகளை வாசித்தபோது ஒன்றில் 140,000க்கு மேல் பதிந்திருந்தது. மீற்றரைத் திருப்புகிறவர்கள் எல்லாப் பெட்டியையும் திருப்புவதில்லை. அதனால்தான் வாங்க முதல் கணினியை முழுதாக வாசிக்கச் சொல்கிறேன். யப்பானிலிருந்து வந்த லெக்சஸுக்கு ஏலத் தாள் (அங்கே ஏலத்தில் காரின் நிலையைப் பார்த்து எழுதிய தாள்) கேளுங்கள். தாள் இல்லாவிட்டால் கழுத்தை நீட்ட வேண்டாம்.

2016 மே மாதம் கொழும்பைச் சுற்றி வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகும் வெள்ளங்கள் வந்திருக்கின்றன. தண்ணீரில் நின்ற கார் தூர மாகாணத்துக்கு விற்பனைக்கு வரும். இருக்கைப் பட்டியை முடியும் வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே தங்கும். டிக்கிக் கம்பளத்தைத் தூக்குங்கள். பீஎம்டபிள்யூவின் பற்றரி அங்கேதான்.

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தால், அது நீங்கும் வரை காசு முழுவதையும் கொடுக்க வேண்டாம். கைமாற்றம் செய்யாமல் ஓப்பின் பேப்பரில் கார் கைகையாக வந்திருந்தால் பத்திரத்தில் பெயருள்ளவரை நேரில் கண்டு பேசுங்கள். வருட லைசென்ஸுக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் வேண்டும். புகைவடியை வெட்டி எறிந்த டீசல் கார் அங்கே மாட்டக்கூடும். காப்புறுதியைச் சந்தை விலைக்குப் போடுங்கள். குறைத்துப் போட்டால் விபத்துக் காசும் அதே விகிதத்தில் குறையும்.

வாங்கும் விலையின் மேல் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக ஒதுக்கச் சொல்வது என் வழக்கம். நான்கு ரயர், பற்றரி, கியர் ஒயில், கூலன்ட், பிறேக், முன் புஷ் எல்லாம் முதல் ஆறு மாதத்துக்குள் கேட்கும். அந்தப் பங்கைச் சேர்த்தால் கைக்கு எட்டாது என்றால், அந்தக் காரே எட்டாது.

வைத்தியத் தம்பிக்கு, முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் காப்பெற் வீதி, ஒரு பக்கம் நூறு கிலோமீற்றருக்கு மேல், தங்குமிடம் பிரதான வீதியில் என்பதால் 318ஐ என்றேன். இரவுப் பணிக்கு அழைத்தால் ஓட மோட்டார் சைக்கிள் அவரிடம் இருக்கிறது. ஆலைக்காரரின் மகன் அவுடியில் விழுந்திருந்தார். செட்டிகுளத்துக்கு அது வேண்டாம் என்று சொன்னதில் அவருக்கு மனவருத்தம். லெக்சஸ் ஒன்று வரும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வட்டக்கச்சி அண்ணை வெள்ளை நிற சீ180 ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். முற்பணம் கட்ட முதல் விற்பவரையும் கூட்டிக்கொண்டு அதை வட்டக்கச்சிக்கு ஓட்டிவரச் சொன்னேன். நால்வர் ஏறி, அவர் வீட்டு ஒழுங்கைக்குள் மெதுவாகத் திருப்பியபோது நடு மேட்டில் அடி இரண்டு இடத்தில் உரசியது. அண்ணை இறங்கி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, கார் வாங்க முதல் இரண்டு லோட் கிறவல் பறித்து மேட்டைச் சமப்படுத்தப் போகிறேன் என்றார். மாரிக்கு முன் அந்த வேலை முடிந்தால் காரைத் திரும்பவும் ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.